ஈஸ்டருக்கு மறு ஞாயிறு வாருங்கள்

இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த ஆங்கிலிக்கன் சபைக்கு ஒருமுறை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கிறவர்கள் பெரும்பாலும் ஈஸ்டர் ஞாயிறைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். நானும் அப்படித்தான் போனேன். ஆலயம் நிரம்பி வழிந்தது. ஒரு தூணுக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது. பீடம் தெரியவில்லை. பாட்டுப் புத்தகம் தீர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவரும் என்னைப் போலப் புதியவர்தான் என்பது, இரண்டு பேரும் தப்பான நேரத்தில் எழுந்து நின்றபோது தெரிந்தது. முடிந்ததும் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்துவிட்டேன். யாரும் என்னிடம் பேசவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அன்றைக்கு அங்கே யாராலும் யாரையும் கவனித்திருக்க முடியாது.

அடுத்த வாரம் திரும்பப் போனதற்குக் காரணம் பக்தி இல்லை, குடையை மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். போனால் பாதிக்கு மேல் இருக்கை காலி. வாசலில் நின்ற பெரியவர் குடையை எடுத்துக் கொடுத்துவிட்டு, "வந்தது வந்தீர்கள், உட்காருங்கள், இப்போதுதான் ஆரம்பிக்கப் போகிறோம்" என்றார்.

ஈஸ்டர் அன்று போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போங்கள், அந்தப் பாட்டையும் வெளிச்சத்தையும் தவறவிடக் கூடாது. ஆனால் உங்கள் கணக்கை மறு ஞாயிறிலிருந்து ஆரம்பியுங்கள். திருச்சபையே ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தது. 4ஆம் நூற்றாண்டு எருசலேமில் ஈஸ்டர் இரவில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு, அன்றிரவு நடந்தது என்ன, அதன் பொருள் என்ன என்பதையெல்லாம் அதற்கு அடுத்த வாரத்தில்தான் விளக்கினார்கள். முதலில் அனுபவம், அப்புறம் பாடம். புதியவருக்கு அது இன்றைக்கும் நல்ல வரிசை.

தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஈஸ்டர் என்பது ஒரு நாள் இல்லை, 50 நாள். ஈஸ்டர் ஞாயிறில் தொடங்கி, பரிசுத்த ஆவி சீடர்கள்மேல் இறங்கியதை நினைக்கும் பெந்தெகொஸ்தே ஞாயிறில் முடியும். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். இந்தப் பௌர்ணமியைத் திருச்சபை தன் பழைய அட்டவணைப்படி கணக்கிடுகிறது. வானத்து நிலவோடு சில ஆண்டுகளில் ஒரு நாள் முன்பின் ஆகும். எப்படிப் பார்த்தாலும் ஈஸ்டர் மார்ச் 22க்கு முன்னால் வராது, ஏப்ரல் 25ஐத் தாண்டாது. அதிலிருந்து 40ஆம் நாள், எப்போதும் ஒரு வியாழன், இயேசு பரலோகத்துக்கு ஏறியதை நினைக்கும் பரமேறுதல் திருநாள். 50ஆம் நாள் பெந்தெகொஸ்தே. 2027ஐ எடுத்துக்கொண்டால் ஈஸ்டர் மார்ச் 28, பரமேறுதல் மே 6, பெந்தெகொஸ்தே மே 16.

இவற்றோடு இன்னும் இரண்டு ஞாயிறுகளையும் குறித்துவையுங்கள். ஈஸ்டர் காலத்தின் இரண்டாம் ஞாயிறு, அதாவது ஈஸ்டருக்கு மறு வாரம், உயிர்த்தெழுந்த இயேசுவைத் தானே பார்க்கும்வரை நம்ப மாட்டேன் என்ற சீடர் தோமாவின் கதை வாசிக்கப்படும் நாள். நான்காம் ஞாயிறு நல்ல மேய்ப்பன் ஞாயிறு. அன்று சங்கீதம் 23 வரும்.

சொற்கள் சபைக்குச் சபை மாறும். குருவானவர், போதகர், ஐயர் எல்லாம் ஒருவரையே குறிக்கும். நற்கருணை, திருவிருந்து, இராப்போஜனம் மூன்றும் ஒன்றுதான், அப்பமும் திராட்சரசமும் பெறுகிற சடங்கு. நான் குருவானவர், நற்கருணை என்று எழுதுகிறேன். உங்கள் சபையில் காதில் விழுகிற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எந்த ஆராதனைக்குப் போவது

பல சபைகளில் ஞாயிறு காலையில் இரண்டு ஆராதனை இருக்கும். அதிகாலையில் நடப்பது சிறியது, பாட்டு இருக்காது, பொது ஜெபப் புத்தகத்தின் பழைய மொழியில் அரை மணி, முக்கால் மணியில் முடிந்துவிடும். அதற்கு வருகிறவர்கள் பேச்சை விரும்பாதவர்கள். பிறகு நடப்பதுதான் பாடகர் குழுவும் குழந்தைகளுமாக இருக்கும் பெரிய ஆராதனை. புதியவர்கள் பெரியதற்குப் போவதே நல்லது. தப்பு செய்தால் சத்தத்தில் தெரியாது.

கடைசி வரிசையில் உட்காராதீர்கள். எல்லாப் புதியவர்களும் அங்கேதான் போய் உட்காருவார்கள், யாரைப் பார்த்து எழுந்து நிற்பது என்று தெரியாமல் திணறுவார்கள். பின்னாலிருந்து நான்காவது, ஐந்தாவது வரிசை, நடைபாதை ஓரம். முன்னால் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரியும், நற்கருணைக்குப் போய்த் திரும்பவும் சுலபம்.

உள்ளே என்ன நடக்கும்

முதலில் கண்ணில் படுவது பெரிய ஈஸ்டர் மெழுகுவர்த்தி. பீடத்துக்குப் பக்கத்தில் தனித் தண்டில் நிற்கும். அதில் ஒரு சிலுவை, கிரேக்க எழுத்துகளின் முதலும் கடைசியுமான ஆல்பா, ஒமேகா, அந்த ஆண்டின் நான்கு இலக்கங்கள் எல்லாம் பொறித்திருக்கும். சிலுவையில் பதித்திருக்கும் ஐந்து ஆணிகள் கிறிஸ்துவின் ஐந்து காயங்களுக்கு அடையாளம். ஈஸ்டர் இரவில் புதிய நெருப்பிலிருந்து ஏற்றியது அது. 50 நாளும் ஆராதனைதோறும் எரியும். பீடத் துணிகள் வெள்ளையோ பொன்னிறமோ.

தொடக்கத்தில் குருவானவர் "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்பார். சபை "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார், அல்லேலூயா" என்று பதில் சொல்லும். இந்த அல்லேலூயாவை ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலம் முழுக்கச் சொல்லாமல் வைத்திருந்தார்கள். அதனால்தான் இப்போது வாக்கியத்துக்கு வாக்கியம் வருகிறது.

அப்புறம் நிற்பதும் முழங்காலிடுவதும். இந்த 50 நாளில் மற்ற நேரத்தைவிட அதிகமாக நிற்பார்கள். இது சௌகரியத்துக்காக வந்த பழக்கம் இல்லை. 325ஆம் ஆண்டு பேராயர்கள் கூடிய நிசேயா சங்கத்தின் 20ஆவது விதியே ஞாயிறுகளிலும் பெந்தெகொஸ்தே வரையான நாட்களிலும் நின்றுகொண்டு ஜெபிக்கச் சொல்கிறது. ஆனாலும் முழங்காலிட்டே பழகிய மூத்தவர்கள் சிலர் அப்படியே செய்வார்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆங்கிலிக்கன் சபையில் இது போன்ற விஷயங்களில் இரண்டு வழக்கங்கள் ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

சில வாரங்களில் ஞானஸ்நானப் பொருத்தனைகளைப் புதுப்பித்துவிட்டு, குருவானவர் நடைபாதையில் வந்து தண்ணீர் தெளிப்பார். கண்ணாடி போட்டவர்கள் குனிந்துகொள்ளலாம். பிரசங்கம், விசுவாசப் பிரமாணம், மன்றாட்டுகள், அதன் பிறகு சமாதானம் பகிர்தல். அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கை கொடுத்து "சமாதானம்" என்று சொன்னால் போதும். கூச்சமாக இருந்தால் கைகூப்பித் தலையசையுங்கள்.

நற்கருணைதான் புதியவர்களைப் பயமுறுத்துகிற இடம், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். நீங்கள் எந்தத் திருச்சபையிலாவது ஞானஸ்நானம் பெற்று, உங்கள் சபையில் நற்கருணை எடுக்கிறவர் என்றால், பெரும்பாலான ஆங்கிலிக்கன் ஆலயங்களில் இங்கேயும் எடுக்கலாம். அறிவிப்புத் தாளில் ஒரு வரி இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். முன்னால் போய் இடது கையின் மேல் வலது கையை விரித்து வையுங்கள். ராஜாவை ஏற்கப் போகிற வலது கைக்கு இடது கை சிங்காசனம் என்று எருசலேம் பேராயர் சிரிலின் பெயரில் வழங்கும் பழைய போதனை சொல்லும். மேலே நான் சொன்ன, ஈஸ்டருக்குப் பிந்திய வாரப் பாடங்களில் ஒன்றுதான் அது. அப்பத்தை அங்கேயே உண்ணுங்கள். கிண்ணம் வரும்போது அதன் அடிப்பாகத்தை லேசாகப் பிடித்து உதட்டுக்கு நகர்த்திக்கொள்ளுங்கள். கொடுப்பவருக்கு உங்கள் வாய் எங்கே இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. ஒவ்வொருவருக்கும் பிறகு விளிம்பைத் துடைத்துச் சுற்றித்தான் அடுத்தவருக்குத் தருவார்கள். கிண்ணம் வேண்டாம் என்றால் அப்பத்தோடு எழுந்துவிடலாம். ஒன்றை மட்டும் எடுத்தாலும் அது முழு நற்கருணைதான். அப்பத்தை நீங்களாகவே கிண்ணத்தில் தோய்க்காதீர்கள், பல சபைகளில் அதை அனுமதிப்பதில்லை. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆராதனைக்கு முன்னாலேயே வாசலில் சொல்லிவிடுங்கள், அதற்கென்று தனி அப்பம் வைத்திருப்பார்கள்.

ஞானஸ்நானம் பெறாதவர் என்றால், கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு போங்கள், குருவானவர் ஆசீர்வாதம் தருவார். இருந்த இடத்திலேயே இருந்துவிட்டாலும் சரி. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இன்னொன்று. துக்கத்தில் இருக்கும்போது சபையைத் தேடி வருகிறவர்கள் நிறைய. அவர்களுக்கு இந்த அல்லேலூயாக்கள் காதில் உறுத்தலாம். பாட வராவிட்டால் பாடாதீர்கள். இரண்டாம் ஞாயிறில் வாசிக்கிற தோமா, மற்ற பத்துப் பேரும் கண்டோம் என்று சொன்ன பிறகும் ஒரு வாரம் நம்பாமல் அவர்களோடேயே இருந்தார், அவர்களும் அவரை வெளியே போகச் சொல்லவில்லை. அந்த ஒரு வாரத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள்.

ஆராதனை முடிந்ததும் ஓடாதீர்கள்

தேநீர் மேசைக்குப் போங்கள். கோப்பையை வாங்கிக்கொண்டு "உறுப்பினராக என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்காதீர்கள். கேட்டால் ஒரு படிவம் கிடைக்கும். "இந்த வாரம் எந்த வேலைக்கு ஆள் குறைவாக இருக்கிறது?" என்று கேளுங்கள். மனிதர்கள் கிடைப்பார்கள்.

ஈஸ்டருக்கு மறு வாரம் இந்தக் கேள்விக்கு இருக்கும் மதிப்பு வேறு எந்த வாரத்திலும் இல்லை. அவர்கள் கடந்து வந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். குருத்தோலை ஞாயிறு ஊர்வலம், பெரிய வியாழன் அன்று கால் கழுவுதல், அன்றிரவே பீடத்தின் துணி, விளக்கு எல்லாவற்றையும் எடுத்து வெறுமையாக்குதல், பெரிய வெள்ளியின் நீண்ட ஆராதனை, சனிக்கிழமை முழுக்கச் சுத்தம் செய்து பூ அலங்காரம், அன்றிரவு விழிப்பு ஆராதனை அல்லது விடியற்காலை ஆராதனை, அதற்குப் பிறகு ஈஸ்டர் காலை. இத்தனையையும் பெரும்பாலும் அதே பத்துப் பன்னிரண்டு பேர்தான் செய்திருப்பார்கள். குருவானவரே விடுப்பில் போயிருப்பார். வார்டன்கள் நின்றுகொண்டே தூங்குவார்கள். அந்த நேரத்தில் ஒரு புதிய முகம் வந்து "நான் செய்யட்டுமா" என்றால், அந்த முகத்தை அவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

வார்டன் என்பவர் சபை மக்களின் சார்பில் ஆலயத்தையும் ஒழுங்கையும் பார்த்துக்கொள்கிறவர். வழக்கமாக இரண்டு பேர் இருப்பார்கள். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் அவர்களைக் கேளுங்கள்.

முதல் வேலை சிறியதாக இருக்கட்டும்

உங்களுக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் மெழுகு. ஈஸ்டர் இரவில் எல்லார் கையிலும் இருந்த மெழுகுவர்த்திகள் சொட்டிய சொட்டு, இருக்கையிலும் தரையிலும் துணியிலும் காய்ந்து கிடக்கும். மரத்தில் இருப்பதைக் கத்தியால் சுரண்டாதீர்கள், பழைய பிளாஸ்டிக் அட்டை போதும். துணியில் இருப்பதை முதலில் உதிர்த்துவிட்டு, மேலேயும் கீழேயும் மையில்லாத உறிஞ்சும் காகிதம் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள்; மெழுகு உருகிக் காகிதத்துக்கு வந்துவிடும். லில்லிப் பூ வைத்திருந்தால் அதன் மகரந்தம் பீடத் துணியில் விழுந்திருக்கும். ஈரத் துணியால் துடைத்தீர்களோ, மஞ்சள் கறை நிரந்தரம். ஒட்டும் டேப்பால் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும்.

கொஞ்சம் பழகியதும், ஆராதனைப் பொருட்களை வைத்திருக்கும் வெஸ்ட்ரி அறைக்குள் கூப்பிடுவார்கள். கிண்ணம் துடைத்த வெள்ளைத் துணிகளைத் துவைக்கும் வேலை அங்கேதான். அவற்றை நேராக இயந்திரத்தில் போடக் கூடாது. முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து அலசி, அந்த முதல் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் செடிக்கோ மண்ணுக்கோ ஊற்றுவது வழக்கம், திராட்சரசத்தின் ஒரு துளிகூடச் சாக்கடைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் இறையியல் எதுவும் பேசவில்லை. வாளியைக் கையில் கொடுத்து, "ரோஜாச் செடிக்கு ஊற்று" என்றார், அவ்வளவுதான். திராட்சரசக் கறையைவிட உதட்டுச் சாயக் கறைதான் போகாது என்பதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இந்தக் காலத்துக்கு ஒரு புத்தகம்: நடபடிகள்

ஆண்டின் மற்ற ஞாயிறுகளில் முதல் வாசகம் பழைய ஏற்பாட்டிலிருந்து வரும். ஈஸ்டர் காலத்தில் மட்டும், 1992இல் வெளிவந்த பொது வாசக அட்டவணையைப் பின்பற்றும் சபைகளில், அப்போஸ்தலருடைய நடபடிகளிலிருந்து வரும். அட்டவணை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும், ஆனால் மூன்றிலும் ஈஸ்டர் காலத்துக்கு நடபடிகள்தான். காரணம் எளிது. கல்லறை காலியாக இருந்தது என்று சொன்னவர்கள், அதற்குப் பிறகு ஒருவரோடொருவர் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைத்தான் அந்தப் புத்தகம் சொல்கிறது.

ஞாயிறு வாசகத்தை மட்டும் நம்பாமல் வீட்டில் முதல் ஒன்பது அதிகாரத்தையும் படித்துவிடுங்கள். 4ஆம் அதிகாரத்தில் எல்லாவற்றையும் பொதுவாக வைத்துக்கொண்ட சபை வருகிறது. 5இல் பணத்தில் ஏமாற்றிய அனனியா, சப்பீராள். இந்தப் பகுதியை அட்டவணை ஞாயிறுகளில் நைசாகத் தாண்டிவிடும். 9இல் யோப்பாவின் தொற்காள். அவள் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டே, அவள் தைத்துக் கொடுத்த உடைகளைப் பேதுருவுக்குக் காட்டுகிறார்கள். அவளைப் பற்றி யாரும் பேச்சு எதுவும் பேசவில்லை, துணிகளைக் காட்டுகிறார்கள்.

ஆனால் சபை வேலையில் இறங்கப் போகிறவர் படிக்க வேண்டியது 6ஆம் அதிகாரம். இதுவும் அந்த அட்டவணையின் ஞாயிறுகளில் வராது. சாப்பாட்டுப் பங்கீட்டில், அதாவது நம் வேதாகமம் சொல்லும் அன்றாட விசாரணையில், கிரேக்க மொழி பேசும் விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள். முறுமுறுப்பு எழுகிறது. அப்போஸ்தலர் என்ன செய்தார்கள்? "இனிமேல் கவனமாக இருக்கிறோம்" என்று சொல்லி முடித்துவிடவில்லை. பந்தி விசாரணைக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. பெயர்களைப் பாருங்கள், ஏழும் கிரேக்கப் பெயர். குறைபட்ட பக்கத்தாரின் கையிலேயே பட்டியலைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

விசுவாசம் வேலைக்கு வரும் இடம்

சபை உலகத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு, உலக ஆங்கிலிக்கன் சபைகளின் கூட்டமைப்பான ஆங்கிலிக்கன் கூட்டுறவு ஐந்து அடையாளங்களை வைத்திருக்கிறது. 1984இல் நைஜீரியாவின் படாக்ரியில் கூடிய அதன் ஆலோசனைக் குழு முதல் நான்கை வகுத்தது. 1990இல் கார்டிஃப் கூட்டத்தில் ஐந்தாவது சேர்ந்தது. நற்செய்தியை அறிவிப்பது, புது விசுவாசிகளுக்குப் போதித்து ஞானஸ்நானம் கொடுத்து வளர்ப்பது, மனிதர்களின் தேவைக்கு அன்போடு ஊழியம் செய்வது, அநீதியான அமைப்புகளை மாற்றி வன்முறையை எதிர்த்துச் சமாதானத்தைத் தேடுவது, படைப்பைப் பாதுகாப்பது.

என் அனுபவத்தில் மூன்றாவதற்கு எல்லாரும் கை தூக்குவார்கள். நான்காவது வந்தால் கூட்டம் அமைதியாகிவிடும். பொட்டலம் கட்டுவது மூன்றாவது. பொட்டலம் வாங்க வருகிறவர்களில் ஒருவரை நிர்வாகக் குழுவில் உட்கார வைப்பது நான்காவது. 6ஆம் அதிகாரத்தில் இரண்டும் ஒரே நாளில் நடந்துவிட்டன, நமக்குப் பல வருடம் ஆகிறது.

சரி, நடைமுறைக்கு வருவோம். உங்கள் சபை எதில் இறங்கியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்: உணவு வங்கி, இரவுத் தங்குமிடம், அகதிகளுக்கு மொழி வகுப்பு, சிறைச்சாலைச் சந்திப்பு, தனியாக இருக்கும் முதியோரைப் பார்த்துவருவது. புதிதாக எதையும் தொடங்க யோசனை சொல்லாதீர்கள், குறைந்தது பெந்தெகொஸ்தே வரைக்கும். ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு ஆறு வாரம் தவறாமல் போங்கள். ஒரு நாள் ஆறு மணி நேரம் உழைத்துவிட்டுக் காணாமல் போகிறவரைவிட, வாரம் ஒரு மணி நேரம் சொன்னபடி வருகிறவரை நம்பித்தான் முறைப்பட்டியல் போட முடியும்.

குழந்தைகளோடும் பலவீனமானவர்களோடும் செய்யும் வேலைக்குப் பின்னணிச் சரிபார்ப்பு கேட்பார்கள், பயிற்சியும் தருவார்கள். உங்களைச் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சரிபார்ப்பு இல்லாமல் உடனே குழந்தைகளோடு விடுகிற சபையைப் பார்த்துத்தான் நீங்கள் சந்தேகப்பட வேண்டும். யாரோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். உதவி கேட்டு வந்தவர் சொன்ன கதையைத் தேநீர் மேசையில் பேசாதீர்கள், ஜெபத்துக்காக என்ற பெயரிலும் பேசாதீர்கள். கையிலிருந்து பணம் கொடுக்காமல் குருவானவரிடம் சொல்லுங்கள், பல சபைகளில் அதற்கென்று ஒரு சிறு நிதி இருக்கும். பொட்டலத்தோடு பிரசங்கத்தைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். அவராகக் கேட்டால் பேசுங்கள்.

எல்லாவற்றிலும் புதியவருக்குப் பொருத்தமானது என்று நான் சொல்வது வீட்டு நற்கருணைக்குக் கூடப் போவது. ஆலயத்துக்கு வர முடியாதவர்களுக்கு ஞாயிறு ஆராதனையில் அர்ப்பணித்த அப்பத்தைச் சிறிய வட்டப் பெட்டியில் வைத்து எடுத்துப் போவார்கள். கொடுக்க அனுமதி பெற்றவர் ஒருவர் இருப்பார். கூடப் போகிறவருக்கு வேலை, ஜெபப் புத்தகத்தைப் பிடித்துக்கொள்வதும் பதில் சொல்வதும்தான். நான் கூடப் போன ஒரு வீட்டில் அந்தப் பாட்டிக்கு மகளின் பெயரே நினைவில் இல்லை. என்னை மூன்று முறை யாரென்று கேட்டார். கர்த்தருடைய ஜெபத்தைத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சொல் பிசகாமல் சொன்னார். எங்களைவிட வேகமாகச் சொன்னார், நாங்கள்தான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. முடித்துவிட்டு, "நீ யாருப்பா?" என்றார் திரும்பவும்.

கூட்டம், கணக்கு

இங்கிலாந்துத் திருச்சபையில் சபையின் ஆண்டுக் கூட்டத்தை மே 31க்குள் நடத்தியாக வேண்டும், அதனால் அது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான் வரும். வேறு நாடுகளில் வேறு மாதம். சலிப்பாக இருக்கும், ஆனாலும் போய் உட்காருங்கள். எவ்வளவு காணிக்கை வந்தது, கூரைக்கு எவ்வளவு போனது, ஏழைகளுக்கு எவ்வளவு போனது என்று ஒரே தாளில் தெரியும். நீங்கள் தொடர்ந்து காணிக்கை கொடுப்பதா, எவ்வளவு கொடுப்பது என்பதை அந்தத் தாளைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். அதுவரை தட்டு வரும்போது மனதுக்குத் தோன்றியதைப் போடுங்கள், போடாமல் விட்டாலும் பரவாயில்லை.

கடைசிப் பத்து நாள்

பரமேறுதலுக்கு முந்தைய ஞாயிறு, பல இடங்களில் ரொகேஷன் ஞாயிறு. ரொகேஷன் என்றால் மன்றாட்டு. நிலத்துக்கும் விளைச்சலுக்கும் உழைப்புக்குமான மன்றாட்டு. சில சபைகள் அன்று தங்கள் எல்லையைச் சுற்றி நடக்கும், இடையிடையே நின்று ஜெபிக்கும். நல்ல செருப்பு போட்டுக்கொண்டு போங்கள். நீங்கள் சேர்ந்திருக்கும் சபை எத்தனை தெருக்களுக்குப் பொறுப்பு என்பது காலில் தெரியும். ஐந்தாவது அடையாளமான படைப்புப் பாதுகாப்பைப் பற்றிப் பேச இதைவிட நல்ல நாள் இல்லை.

பரமேறுதல் வியாழன் ஆராதனைக்குக் கூட்டம் குறைவாகத்தான் வரும். வேலை நாள். வந்திருக்கிற இருபது பேரில் நீங்களும் ஒருவர் என்றால் அன்றைக்கு எல்லாருடைய பெயரும் தெரிந்துவிடும். அன்றிலிருந்து பெந்தெகொஸ்தே வரை தினமும் ஜெபிக்கும் வழக்கம் பழையது, சீடர்கள் எருசலேமில் காத்திருந்த நாட்களை நினைத்து வந்தது. 2016இல் கேன்டர்பரி, யார்க் பேராயர்கள் அதற்குப் புது அழைப்புக் கொடுத்தார்கள், பிறகு அது பல நாடுகளுக்கும் பரவியது. அதில் ஒரு எளிய பழக்கம் உண்டு: ஐந்து பேரின் பெயரை எழுதிவைத்துக்கொண்டு அவர்களுக்காகத் தினமும் ஜெபிப்பது. எந்தப் பெயர்கள் என்று யோசித்தால், இந்த ஆறு வாரத்தில் நீங்கள் சந்தித்தவர்களே பட்டியலை நிரப்பிவிடுவார்கள்.

இந்த நேரத்தில் ஞானஸ்நானமோ, ஞானஸ்நானத்தில் கொடுத்த வாக்கைத் தானே உறுதிப்படுத்தும் திடப்படுத்தலோ பெற வேண்டும் என்று தோன்றினால் குருவானவரிடம் சொல்லுங்கள். சில வாரத் தயாரிப்பு இருக்கும். திடப்படுத்தல் பேராயர் வரும் நாளில்தான் நடக்கும், அது மாதக் கணக்கில் தள்ளிப் போகலாம். அவசரம் ஒன்றும் இல்லை. தோன்றாவிட்டாலும் தேநீர் மேசையில் உங்கள் கோப்பை இருக்கும்.

பெந்தெகொஸ்தே அன்று துணிகள் சிவப்பு. பலர் சிவப்பில் ஏதாவது உடுத்தி வருவார்கள். கடைசிப் பாட்டுக்குப் பிறகு ஈஸ்டர் மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு, ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார்கள்; இனி ஞானஸ்நானத்துக்கும் அடக்க ஆராதனைக்கும் மட்டும் ஏற்றுவார்கள். தண்டோடு தூக்க இரண்டு பேர் வேண்டும், அன்றைக்கு உங்களைக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள். தண்டின் அடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அணைத்தவுடன் சாய்க்காதீர்கள், திரியைச் சுற்றி இன்னும் உருகிய மெழுகு நிற்கும். கையில் வழிந்தால் சுடும், தரையில் கொட்டினால் சுத்தம் செய்வது எப்படி என்று உங்களுக்கே தெரியும்.